பொழுதுபோக்கும் அயலவரும்: கிழக்கின் திருச்சபைகளுக்குச் சில வேண்டுகோள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் டிக்டொக்கும் எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்ற கடிதங்கள் இந்தப் பகுதியில் அடிக்கடி வெளிவருகின்றன. தேவாலயப் பிரசங்கங்களிலும் இதே குரல் கேட்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் திருச்சபையின் ஊடகப் பணியிலும் இளைஞர் பணியிலும் இருப்பவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்து வேறு. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழித்தோன்றல்கள்) சிங்களவரும் வேலிக்கு வேலி வாழும் இந்த மண்ணில், பொழுதுபோக்கைக் கிறிஸ்தவர்கள் தள்ளிவைப்பதால் ஒற்றுமை வளராது. எதைப் பார்க்கிறோம், யாரோடு பார்க்கிறோம், பார்த்த பின் என்ன செய்கிறோம் என்பதில் அயலவருக்கு இடறல் வராமல் காப்பதே எங்கள் கடமை. அதற்குச் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை விளக்கமாக எழுத இடம் தருவீர்கள் என்று நம்புகிறோம்.

திருச்சபை சினிமாவைச் சந்தேகத்தோடு மட்டும் பார்த்ததில்லை. 1936இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் திரைப்படங்களைப் பற்றி எழுதிய சுற்றுமடல் ஆபாசத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அதே மடல், நல்ல படங்கள் நாடுகளுக்கும் வகுப்புகளுக்கும் இனங்களுக்கும் இடையே புரிந்துணர்வை உண்டாக்க வல்லவை என்றும் சொன்னது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே தனி ஆணை ஒன்றை வெளியிட்டது. அதன் வழியாக வந்ததுதான் 1967 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் உலக சமூகத் தொடர்பு நாள். இங்குள்ள பல பங்குகளில் (கத்தோலிக்க ஆலய வட்டாரங்களில்) அந்த நாள் ஒரு விசேட மன்றாட்டோடு கடந்துபோய்விடுவது வருத்தமான விடயம்.

வேதாகமத்தில் இதற்குப் பொருந்தும் இடம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரம். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது அங்கே கேள்வி. உண்பதில் தனக்குத் தடை இல்லை என்று பவுல் சொல்கிறார். ஆனாலும், தான் உண்பது சகோதரனுக்கு இடறலாகுமானால் ஒருபோதும் இறைச்சி உண்ணமாட்டேன் என்கிறார். இந்த அளவுகோலை எங்கள் தொலைபேசிக்கும் திருவிழா மேடைக்கும் பிடித்துப் பார்க்கவேண்டும்.

அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் உணவில் ஒரு கட்டி கிடந்தது. மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்திருக்கிறாய் என்று வாடிக்கையாளர்கள் கடைக்காரரை மிரட்டினார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அவர் பதறிப்போய் ஆம் என்பதுபோலச் சொன்ன விடை ஒரு தொலைபேசியில் பதிவாகி பேஸ்புக்கில் ஏறியது. அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அப்படியொரு மாத்திரை உலகில் கிடையாது. கிடந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் உறுதிப்படுத்தியது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் வேறொரு சம்பவத்தை ஒட்டி வன்முறை வெடித்து, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. தங்கள் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. அந்த அம்பாறைக் காணொளியை மற்றவருக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் கலவரம் செய்ய நினைத்தவர்கள் அல்லர். 'இதைப் பாருங்கோ' என்ற ஆவலில், ஒரு பகிடித் துணுக்கை அனுப்புவதுபோல அனுப்பியவர்கள்தான். இன்றைய பொழுதுபோக்கின் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. செய்தி, பகிடி, பாட்டு, பழிச்சொல் நான்கும் ஒரே திரையில், ஒரே விரலசைவில் வருகின்றன.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவரின் தற்கொலைக் குண்டில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தத் துக்கம் ஆறும் முன்பே முஸ்லிம்களை இழிவுபடுத்தும் துணுக்குகள் கிறிஸ்தவர்களின் தொலைபேசிகளிலும் புழங்கின. கொலை செய்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத அயலவர் மீது பழி ஏற்றுவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை மீறும் பாவம். பகிடியாகச் சொன்னாலும் அது பாவந்தான். இதை மேடையிலிருந்து தயங்காமல் சொல்லவேண்டும்.

சொல்வதோடு நில்லாமல் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பாடசாலையிலும் ஒரு பாடவேளை போதும். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். 2019 தொடக்கத்திலிருந்து வந்த செய்தி எதையும் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்புக்குறி உள்ளதை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம். அந்த நிறுவனமே இதை நிறுத்தி யோசி என்று சொல்லும் அடையாளம் அது. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது இன்னொன்றும் உண்டு. காணொளியின் தொடக்கமும் முடிவும் வெட்டப்பட்டிருக்கிறதா, பேசுபவரின் வாயசைவும் குரலும் பொருந்துகிறதா, பின்னால் தெரியும் பெயர்ப்பலகையும் வாகன இலக்கத்தகடும் எந்த ஊரைக் காட்டுகின்றன என்று பார்க்கப் பழக்கவேண்டும். பழைய காணொளிக்குப் புதிய திகதி போட்டு அனுப்புவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் மோசடி. இன, மதப் பகையைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டத்தின்படி குற்றம் என்பதையும் இளைஞருக்குச் சொல்லிவைப்பது நல்லது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்தாளர் மீதும் பாய்ந்திருக்கிறது. ஆகவே பொலிஸை நாடுவதை முதல் வழியாக நாங்கள் சொல்லமாட்டோம்.

இனி சினிமா. தொண்ணூறுகளிலிருந்து தமிழ்ப் படங்களில் முஸ்லிம் என்றால் குண்டு வைப்பவன் என்ற வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஈழத்தமிழரையும் அப்படித்தான், ஒன்று அழுகிறவராக, அல்லது ஆயுதக்காரராகக் காட்டுவார்கள். கிறிஸ்தவப் பாத்திரம் என்றால் மதுப்புட்டியோடு ஒரு ஆங்கிலோ இந்தியர். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியையோ ஏறாவூரையோ பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வார்ப்புத்தான் அயலவரைப் பற்றிய முதல் பாடமாகிறது. முஸ்லிம் பிள்ளைக்கும் இதே நிலைதான். படத்தைத் தடுத்து இதைத் தீர்க்க முடியாது. படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. இந்தக் கதையில் பெயர் இல்லாமல் வந்துபோனவர் யார்? யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்கள், அவர் பேச்சு எந்த ஊருடையது? கடைசியில் உதவி செய்தவர் யார்? இந்தக் கடைசிக் கேள்வி இயேசு கேட்ட கேள்வி. யூதர் வெறுத்த சமாரியனை உதவி செய்பவனாக வைத்துக் கதை சொல்லிவிட்டு, 'அயலானாய் இருந்தவன் யார்' என்று அவர் கேட்டார். தன் மக்கள் முன்னிலையில் அடுத்த சமூகத்தவனை நாயகனாக்கிக் காட்டிய கதை அது. கதை சொல்பவர்கள் யாவரும் பின்பற்றத்தக்கது.

கேள்வி கேட்பதைவிட நல்ல வழி, சேர்ந்து பார்ப்பது. ஒரு காலத்தில் கடைவாசலில் ஒரு வானொலி பாடும், எல்லா வீட்டாரும் கேட்பார்கள். 1982இல் ரூபவாஹினி வந்த பின்னரும் ஒரு வளவுத் தொலைக்காட்சிக்கு முன் பத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு திரையில் வேறு வேறு உலகத்தில் இருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு பங்கும் சபையும் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் இளைஞரோடும் கோயில் இளைஞரோடும் சேர்ந்து படம் பார்க்கும் மாலைப்பொழுது ஒன்றை நடத்தவேண்டும் என்று வேண்டுகிறோம். எண்ணம் நல்லதாக இருந்தும் இவை ஏன் பிசகுகின்றன என்பதைச் சொல்கிறோம்.

முதல் பிசகு நேரம். இங்கே சூரியன் மறைவது காலத்துக்கேற்ப ஏறக்குறைய மாலை 5.40க்கும் 6.25க்கும் இடையில். மறைந்தவுடன் மஃரிப் (அந்தித் தொழுகை), ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலத்தில் இஷா (இரவுத் தொழுகை). 6.30க்குப் படத்தைத் தொடங்கினால் முஸ்லிம் இளைஞர் பாதியில் எழுந்து போவார்கள். இஷாவுக்குப் பின் 8 மணிக்குத் தொடங்கினால் இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப்படம் 10.30க்குத்தான் முடியும். பேச நேரமில்லை, பெண்பிள்ளைகளை வீட்டில் விடவும் மாட்டார்கள். அஸர் (பின்னேரத் தொழுகை) முடிந்து மாலை 4 மணிக்குத் தொடங்கி 5.30க்கு முடிப்பதே பொருந்தும். அதற்குள் முழுநீளப் படம் அடங்காது. பத்து நிமிடம் வரையிலான குறும்படங்கள் மூன்று, அதன்பின் அரை மணித்தியாலம் சிறு குழுக்களில் பேச்சு, கால் மணித்தியாலம் எல்லோரும் கூடிப் பேச்சு, கடைசிக் கால் மணித்தியாலம் தேத்தண்ணி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையும் கோயிலும் இருப்பதால் ஆகாது. ஞாயிறு பின்னேரம் நல்லது. திருப்பலியும் அறநெறி வகுப்பும் காலையிலேயே முடிந்துவிடும். நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும், சென்ற ஆண்டுத் திகதியை அப்படியே எடுத்து வைக்கக்கூடாது.

இரண்டாவது இடம். தேவாலய மண்டபத்துக்கு வா என்று அழைத்தால் மதம் மாற்றக் கூப்பிடுகிறார்களோ என்ற அச்சம் எழும். அந்த அச்சத்துக்குக் காரணங்களும் உண்டு. பாடசாலை, நூலகம், பிரதேச சபை மண்டபம் போன்ற பொது இடமே வேண்டும். நிகழ்ச்சியைச் செபத்தோடு தொடங்க வேண்டாம். மங்கல விளக்கேற்றலையும் விட்டுவிடலாம். முஸ்லிம் விருந்தினர் அதில் தயங்குவார்கள், சில சுவிசேஷ சபையினரும் தயங்குவார்கள். ஒருவரைத் தயங்க வைத்துத் தொடங்குவதைவிட ஒரு நிமிட மௌனம் மேல். பிரமுகர் உரை வேண்டவே வேண்டாம். மூன்று உரைகள் சேர்ந்தால் 45 நிமிடம் போய்விடும், பிள்ளைகள் பேசுவதற்கு ஒதுக்கிய நேரம்தான் வெட்டுப்படும்.

60 பேருக்கு மேல் அழைக்காதீர்கள். எட்டு அல்லது ஒன்பது பேராக ஏழு குழு, அதுவே அளவு. 200 பேர் வந்தால் அது கூட்டம், பேச்சு நடக்காது. குழுவில் ஒரே ஊரார் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் படம் பார்க்கும்போது ஆண், பெண் கலந்து இருக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பெண்களுக்குத் தனி வரிசையும் வசதியான வழியும் இருந்தால்தான் முஸ்லிம் தாய்மார் பிள்ளைகளை அனுப்புவார்கள். பேச்சுக் குழுவையும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

புரொஜெக்டர் 3,000 லூமனுக்குக் குறையாதது வேண்டும். பின்னேர வெளிச்சத்தில் படம் வெளிறும் என்பதால் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடவேண்டும். திரை 8 அடி அகலம் என்றால் கடைசி வரிசை 48 அடிக்குள் இருக்கட்டும், அதாவது திரை அகலத்தின் ஆறு மடங்கு. அதற்கு மேல் போனால் எழுத்துகள் தெரியாது, சிங்கள உபதலைப்பு வைத்தும் பயனில்லை. இரண்டு சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் போதும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மாற்று வேண்டும், படம் நின்ற இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். படத்தை உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியே காட்டவேண்டும். வீட்டில் பார்க்கக் கட்டிய சந்தாவைக் கொண்டு மண்டபத்தில் காட்டுவது உரிமை மீறல்.

சாப்பாட்டில் இறைச்சியே வேண்டாம். ஹலால் கேள்வியும் விரதக் கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும். 60 பேருக்கு 3 கிலோ கடலை அவித்துத் தாளித்தால் போதும். பிளேன்ரிக்கு 9 லீற்றர் தண்ணீர், 150 கிராம் தேயிலை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் சீனி. வடை போடுவதானால் இறைச்சி பொரித்த எண்ணெயில் போடக்கூடாது. இந்தச் சிறிய விடயத்தில் கவனம் இல்லாததால் தட்டைத் தொடாமலே எழுந்துபோகிறவர்கள் உண்டு. ஏன் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், அடுத்த தடவை வரமாட்டார்கள். படம் எடுத்து உடனே பேஸ்புக்கில் போடுவதும் அப்படித்தான். அனுமதி கேளாமல் ஒரு பெண்பிள்ளையின் முகம் வெளியானால் அந்த ஊரோடு உள்ள தொடர்பே அறுந்துபோகும்.

எங்கள் திருவிழாக்களின் ஒலிபெருக்கியைப் பற்றியும் எழுதவேண்டும். மற்ற மதத்தவரின் சத்தத்தைப் பற்றி முறையிடுமுன் கிறிஸ்தவர்கள் தங்கள் வளவைத் திருத்தவேண்டும். ஒன்பது நாள் வழிபாடான நவநாளின் முடிவில் இசைக்குழு, எழுப்புதல் கூட்டம் என்று பாட்டும் டிரம்ஸும் பாதி இரவு வரை போகின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்று 2007இல் உயர் நீதிமன்றம் பணித்திருக்கிறது. மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி சத்தத்தை ஒரே திசையில் வெகுதூரம் தள்ளும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல்தான் குறையும். 10 மீற்றரில் 100 டெசிபெல் இருந்தால் 320 மீற்றரிலும் 70 இருக்கும். அங்கே ஒரு குழந்தை தூங்க முடியாது, நோயாளியும் தூங்க முடியாது. வாவிக்கரையில் நிலைமை இன்னும் மோசம். இரவில் நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சூடாகவும் இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளையும். ஒரு கரையில் பாடுவது மறுகரை வீட்டுக்குள் கேட்பது அதனால்தான்.

கூம்பைக் கழற்றுங்கள். பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் சிறிய பெட்டி ஆறை மக்கள் நடுவே, காதளவு உயரத்தில், வளவின் உட்பக்கம் பார்க்க வையுங்கள். எல்லைமதிலில் நின்று பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிப்பாருங்கள். பேச முடியவில்லை என்றால் சத்தம் கூட. சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, குறைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள், மேடைக்கு அருகில் நிற்பவரிடம் ஒப்படைக்க வேண்டாம், அவர் காது ஏற்கனவே மரத்திருக்கும். தொழுகை அழைப்பான பாங்கு சொல்லும் நேரத்தில் ஒலிவாங்கியை நிறுத்தி, இரண்டு நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதைக் கேட்கும் அயலவர் ஒருபோதும் மறக்கமாட்டார்.

பார்ப்பதைவிட ஆக்குவது மேலும் நல்லது. மட்டக்களப்புக் கூத்து இதைத்தான் செய்தது. சட்டம் கொடுத்து (ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து), ஒத்திகை பார்த்து, சதங்கை அணிந்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஊர் கூடியே வேலை செய்தது. வட்டமான ஆடுகளமான வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் இருந்து பார்த்தவர்களுக்கு ஆடுபவரும் தெரிந்தார், எதிரில் இருந்து பார்ப்பவரின் முகமும் தெரிந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர் புனிதர்களின் கதைகளையே கூத்தாக ஆடினார்கள். எங்கள் பறங்கியரின் கலியாண வீட்டு நடனமான கபிரிஞ்ஞாவோடு உறவுடைய பைலா இன்று எந்த இனத்தவர் வீட்டிலும் ஒலிக்கிறது. முஸ்லிம் ஊர்களில் கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடி இருக்கிறது. இவற்றைக் கற்றுக்கொள்ள அடுத்த ஊர் அண்ணாவியாரிடம் (கூத்து ஆசிரியரிடம்) பிள்ளைகளை அனுப்புவதே ஓர் ஒற்றுமை வேலை.

இன்றைய பிள்ளைகளுக்குக் குறும்படம் எளிது. மூன்று ஊரிலிருந்து எட்டுப் பேர், ஐந்து பக்கக் கதை, ஐந்து நிமிடப் படம், இரண்டு நாள் படப்பிடிப்பு. ஒரு தொலைபேசியும் சட்டையில் குத்தும் ஒரு மைக்கும் போதும். கடற்கரையில் எடுத்தால் காற்று குரலை விழுங்கும், மைக்குக்குப் பஞ்சுறை போடவேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைத்தால் யூடியூப் உரிமைக் காரணத்தால் தடுக்கக்கூடும், ஊர்க்காரரின் பாட்டையே பதிவு செய்யுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒரு விதி. ஒரு சமூகத்துப் பாத்திரத்தின் வசனத்தை அந்தச் சமூகத்துப் பிள்ளையே எழுதவேண்டும், அந்தப் பாத்திரத்தை நடிப்பதும் அவரே. தொழுகை, பூசை, நற்கருணை ஆகியவற்றை நடித்துக் காட்டவே வேண்டாம். சிரிப்புப் பாத்திரம் வேண்டுமானால் அவரவர் தம் ஊர்ப் பேச்சையே கேலி செய்யட்டும். வெளியிடுமுன் மூன்று ஊரின் பெரியவர்களையும் ஒன்றாக இருத்திப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் நெளியும் இடத்தை வெட்டிவிடுங்கள், காரணம் கேட்டு வாதாட வேண்டாம்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறோம். சமூக ஊடகத்தில் பரவும் காணொளியைப் பற்றிச் செய்தி போடும்போது அது எங்கே, எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது என்பதை முதல் வரியிலேயே அச்சிடுங்கள். அது உறுதியாகத் தெரியாவிட்டால், தெரியும் வரை அந்தச் செய்தியை நிறுத்திவையுங்கள். பங்குகளுக்கும் சபைகளுக்கும் எங்கள் வேண்டுகோள், அடுத்த சமூகத் தொடர்பு நாளுக்கு முன்பாக ஒரு மாலைப்பொழுதையாவது பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒழுங்குசெய்து, அதன் படங்களையும் கேள்விகளையும் மற்றப் பங்குகளுக்கும் கொடுங்கள் என்பதே.

இப்படிக்கு,
திருச்சபை ஊடக, இளைஞர் பணியாளர் சிலர்,
மட்டக்களப்பு, கல்முனை.